பதிவாகாத பெயர்கள்

“இன்னும் சரியாகலைல்லம்மா?”

காலையிலிருந்து இது பதினோராவது போன். எம். புதுப்பட்டிப் பட்டாசு ஆலையின் போர்மேன் சங்கையாதான் யோகலட்சுமியைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“பாத்துக்கிட்டுத்தான்ணே இருக்கேன். பேரை எழுத எழுத சர்வர் தள்ளி விடுது,” என்றாள்.

விருதுநகர் அலுவலகத்தில் அவள் முன்னால் இருந்த திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ஏழு பட்டாசு கம்பெனிகளின் வருகைப் பதிவு அவள் பொறுப்பு. தொழிலாளி கேட்டில் பெருவிரலை வைத்ததும் அவர் பெயரும் அறை எண்ணும் மூன்று சர்வர்களுக்குப் போகும். குறைந்தது இரண்டு சர்வர்களாவது எழுதிவிட்டோம் என்று பதில் சொன்னால்தான் கேட் திறக்கும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒருவரும் வேலைக்குப் போகக்கூடாது என்று அவளே யோசித்துச் செய்த ஏற்பாடு.

இன்றைக்கு விருதுநகர் சர்வர் மட்டும்தான் பதில் சொன்னது. சிவகாசியும் மதுரையும் மூச்சு முட்டிக் கிடந்தன. மற்ற ஆறு கம்பெனிகளிலும் ஏழு மணிக்கே ஆட்கள் உள்ளே போய்விட்டார்கள். புதுப்பட்டியில் எட்டு மணிக்கு வேலை. அங்கே நூற்று நாற்பது பேர் வெயிலில் நின்றார்கள்.

அடுத்த போன் முதலாளி ஜெயச்சந்திரனுடையது.

“நேத்து மழையில அரை நாள் போச்சு. இன்னைக்கு உங்க கம்ப்யூட்டரால அரை நாளா? மத்தியானம் லாரி வந்து நிக்கும். கேட்டைத் திறந்து விட்டுட்டு, பேரை அப்புறம் எழுதிக்கிடலாம்ல?”

“அது முடியாதுங்க சார். பேர் விழாம கேட் திறக்காது.”

“அப்ப பதினோரு மணிக்குள்ள முடிங்க. முடியலைன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்.”

தீபாவளிக்கு இன்னும் மூன்றே வாரம். அவளை நம்பி முதலில் வேலை கொடுத்த கம்பெனி இதுதான். இது கைவிட்டுப் போனால் மற்ற ஆறும் பின்னாலேயே போய்விடும்.

சிவகாசி சர்வரில் இடம் நிரம்பிக் கிடந்தது. பழைய கோப்புகளை அழித்து இடம் பண்ணினாள். எழுந்து உட்கார்ந்த சர்வர் ஐந்தே நிமிடத்தில் மறுபடி படுத்துவிட்டது. மதுரை சர்வரை நிறுத்தி ஓட விட்டாள். அதுவும் அப்படியே. நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து நின்றபடியே தட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வருகிற பதிவுகளை எண்ணிப் பார்க்கத் தோன்றியது. நூற்று நாற்பது பேருக்கு நூற்று நாற்பது பதிவு வரவேண்டும். வந்திருந்தது தொண்ணூறாயிரம்.

போன மாதமும் இப்படி ஒருநாள் திணறியது நினைவுக்கு வந்தது. பதில் வரக் கொஞ்சம் தாமதித்தாலும் கேட் மிஷின் அதே பெயரைத் தானாகவே மறுபடி மறுபடி அனுப்பும். ஆட்களும் விரலை மறுபடி மறுபடி வைத்தால் அது பல மடங்காகிவிடும். இதை அன்றைக்கே சங்கையாவிடம் விளக்கியிருந்தாள்.

அவரைக் கூப்பிட்டாள். “அண்ணே, ஒரு ஆளு ஒரு தடவை விரல் வச்சாப் போதும்னு சொல்லுங்க. ஒவ்வொண்ணும் நூறா வந்து அடைக்குது.”

“சொல்லுதேம்மா. ஆளுக இங்கன பொறுமையில்லாம நிக்காக.”

சிவப்பு வரிகள் குறையவில்லை. முன்னைவிடக் கூடின.

இனி ஆட்களிடம் சொல்லிப் பயனில்லை என்று மிஷினையே திருத்த உட்கார்ந்தாள். ஒரே பெயர் ஒரு நிமிடத்துக்குள் திரும்ப வந்தால் அதைக் கேட்டிலேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கான நிரலை எழுதி முடித்துச் சரிபார்த்தபோது மணி பத்து ஐம்பது.

“ரெண்டு நிமிஷம்ணே. இந்தத் தடவை கண்டிப்பாத் திறந்துரும்.”

“ரெண்டு நிமிஷமா? கொஞ்சம் நெதானமாவே பாரும்மா,” என்றார் சங்கையா.

மனுசனுக்கு நம்பிக்கையே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். போனை வைக்காமலே பொத்தானை அழுத்தினாள்.

சிவப்பு நின்றது. முதல் பச்சை வரி விழுந்தது. பாண்டிமீனா, ஏழாம் அறை. அடுத்து கருப்பம்மாள், ஏழாம் அறை. வெள்ளைத்துரை, ஏழாம் அறை.

“திறந்துருச்சாண்ணே?”

பதிலுக்குப் போனில் பெரிய வெடிச்சத்தம் கேட்டது. அதன்பின் ஆட்களின் அலறல். பிறகு சரம் சரமாக எதெதுவோ வெடித்துக்கொண்டே இருந்தது.

“அண்ணே, எந்த ரூம்?”

“ஏழு.”

திரையில் மூன்று பெயர்களும் பச்சையாக நின்றன. நான்தானே திறந்துவிட்டேன் என்று ஒன்றே மனதில் ஓடியது.

“பயப்படாத தாயி,” என்றார் சங்கையா மூச்சு வாங்க. “கேட்டுக்கும் ரூமுக்கும் எரநூறு அடி இருக்கு. தாண்டி வந்த மூணு பேரையும் மறிச்சு நிறுத்திட்டேன். ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. நேத்து மழையில நனைஞ்ச வெடிமருந்து, உள்ள சூடேறிக் கெடந்துச்சு. காலையிலயே முதலாளிகிட்டச் சொன்னேன். கேக்கல.”

யோகலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நல்லவேளைண்ணே, சர்வர் மாட்டிக்கிச்சு. இல்லைன்னா எட்டு மணிக்கே உள்ள போயிருப்பாங்க. எவ்வளவு சொல்லியும் கேக்காம உங்க ஆளுக விரலை வச்சு வச்சு எடுத்ததும் நல்லதாப் போச்சு.”

“அப்படி வைக்கச் சொன்னதே நான்தாம்மா.”