மிளகுக்கு மாத்திரை வேண்டாம்

“டாக்டர், இந்த மாத்திரையை இன்னையோட நிறுத்திடலாமா?”

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார் லிஃப்ட் மெக்கானிக். அவர் மனைவி, பதின்மூன்று வயது மிளகைத் தூக்கிப் பரிசோதனை மேசைமேல் நிறுத்தினாள். பெயருக்கேற்ற கறுப்பு நாய். மூக்கு மட்டும் நரைத்திருந்தது.

“ஏன், ஒத்துக்கலையா? வாந்தி, பேதி ஏதாவது?” என்றார் டாக்டரம்மா.

“அதெல்லாம் இல்லைங்க...”

“இவர் கிடக்கிறார் டாக்டர்,” மனைவி முந்திக்கொண்டாள். “ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வாளித் தண்ணியை ஒரே மூச்சுல காலி பண்ணிட்டு, ஹால் முழுக்கக் குளம் கட்டுவான். இப்ப அளவாக் குடிக்கிறான். தொங்கின வயிறு வத்திடுச்சு. கொட்டின முடி முளைக்குது. சுவரைப் பார்த்து மணிக்கணக்கா நிப்பானே, அதுவும் போச்சு. பால்காரர், பக்கத்து வீட்டு அக்கா, எல்லாரையும் அடையாளம் தெரியுது!”

டாக்டரம்மாவுக்கு முகம் மலர்ந்தது. “ஹார்மோன் கோளாறுக்கும் மறதிக்கும் சேர்த்துக் கொடுத்த மாத்திரை. ரெண்டுமே கேட்டிருக்கு. எல்லா நாய்க்கும் இப்படிக் கேட்காது. இதைப் போய் ஏன் சார் நிறுத்தணும்?”

“வயசானவன்... தினமும் மாத்திரைன்னா பாவம் இல்லையா?”

“யார் கொடுக்கிறது?”

“நான்தான். காலையில ஏழு மணிக்கு டாண்ணு கொடுத்துடுவேன்.”

“ஒருநாள் தவறினதில்ல டாக்டர்,” என்றாள் மனைவி. “அவன் முடியாம இருந்தப்போ தரை துடைச்சதெல்லாம் இவர்தான். அப்பக்கூடச் சிரிச்ச முகமாத்தான் இருந்தார். அவனுக்குக் குணமாக ஆரம்பிச்சதும் இவர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியறார். என்னன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறார்.”

“வேணும்னா அரை மாத்திரையாக் குறைச்சுப் பார்க்கலாமா?” டாக்டரம்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

மெக்கானிக் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “அரை போட்டா, பாதி மறந்துடுமா டாக்டர்?”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “அம்மா, அடுத்த ரூம்ல எடை மிஷின் இருக்கு. மிளகைக் கொஞ்சம் எடை போட்டுட்டு வந்துடுங்க.”

மனைவி நாயோடு போனாள். கதவு சாத்திக்கொண்டது.

“இப்பச் சொல்லுங்க. நல்லாயிட்டு வர்ற நாய்க்கு மருந்தை நிறுத்தச் சொல்ற ஆளை நான் இன்னிக்குத்தான் பார்க்கிறேன். எதை மறக்கணும் அவன்?”

மெக்கானிக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“அவ பிறந்த வீட்டுலேர்ந்து கூட்டிட்டு வந்த நாய் டாக்டர் அது. கல்யாணமான நாள்லேர்ந்து பன்னிரண்டு வருஷம், என்னைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. சோபாவுல அவ பக்கத்துல உட்கார விட்டதில்ல. இந்த மறதி வந்த ஆறு மாசம்தான், நான் யாருன்னு தெரியாம என் மடியில தலை வெச்சுத் தூங்கினான்.”

அவர் குனிந்து பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். கெண்டைக்காலில் புத்தம் புதிதாக நான்கு பல் தடங்கள்.

“ஒரு வாரமாச் சந்தேகமாவே பார்த்துக்கிட்டு இருந்தான் டாக்டர். இன்னிக்குக் காலையில ஞாபகம் வந்துடுச்சு.”