ஒரு நொடிகூட வெட்டக் கூடாது

“ஒரே பேச்சுல மூணு தடவை! நான் பேசப் பேச என்னை வெட்டிட்டு மந்திரி மூஞ்சியைக் காட்டியிருக்கே. இது அரசாங்க டிவியா, மந்திரி வீட்டு டிவியா?”

எதிர்க்கட்சித் தலைவர் போட்ட சத்தத்தில் கட்டுப்பாட்டு அறையே அதிர்ந்தது. ‘முழக்கம்’ என்ற பட்டப்பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை.

அரசுத் தொலைக்காட்சியை மந்திரியின் பிடியிலிருந்து விடுவிக்க ஒரு மசோதா. சபையில் ஒரு வாரமாக இதே ரகளைதான். மசோதா வெறும் கண்துடைப்பு என்று முழக்கம் நேற்று நாற்பது நிமிடம் பிளந்து கட்டினார். வீட்டுக்குப் போய் ஆசையாக டிவியைப் போட்டால், முக்கியமான மூன்று கட்டங்களில் ஆளையே காணோம்!

சபையில் ஆறு கேமராக்கள். எந்தக் கேமராவின் படம் மக்களுக்குப் போக வேண்டும் என்று பொத்தானைத் தட்டுகிறவள்தான் குற்றவாளி. இருபது வருட சர்வீஸ். அலுவலகத்தில் எல்லாருக்கும் ‘பொத்தான் அக்கா’.

“யார் சொல்லி வெட்டினே?”

“யாரும் சொல்லலை சார். நானாத்தான்.”

“நம்புறதுக்கு நான் என்ன காதுல பூவா வெச்சிருக்கேன்?”

நிலைய அதிகாரி கையைப் பிசைந்தார். “காரணத்தைச் சொல்லித் தொலைம்மா. வேலை போயிடும்.”

“மன்னிச்சுடுங்க சார். சொல்ல முடியாது.”

முழக்கம் பையிலிருந்து ஒரு காகிதத்தை உருவினார். உரிமை மீறல் நோட்டீஸ். சபாநாயகர் கைக்குப் போனால் அவள் சீட்டு கிழிந்துவிடும்.

“இன்னைக்கே கொடுக்கப் போறேன். நாளைக்கு மசோதாவுல ஒரு திருத்தமும் கொண்டு வரேன். யார் பேசினாலும் ஒரு நொடிகூட வெட்டக் கூடாது. மக்கள் முழுசாப் பார்க்கணும்! ஒவ்வொரு கேமராவும் தனியாப் பதிவாகும்ல? என்னோடதைப் போடு. எதை மறைச்சேன்னு பார்க்கறேன்.”

“நீங்க மட்டும் பாருங்க சார்” என்றாள்.

அதிகாரி, விட்டால் போதும் என்று வெளியே ஓடினார்.

திரையில் முழக்கம் விளாசிக்கொண்டிருந்தார். இவர் தன் பேச்சை ரசித்துத் தானே தலையாட்டினார்.

திடீரென்று திரையில் இருந்தவர் நின்றார். ஓங்கிய கை அந்தரத்தில். வாய் பாதி திறந்திருந்தது. கண்கள் எதையோ தேடின. பக்கத்து இருக்கைக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்தார். பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி முழங்கினார்.

“என்ன, பதிவுல ஏதாவது கோளாறா?”

“இல்லை சார். பின்னால கடிகாரம் ஓடுது பாருங்க. பதினைந்து நொடி.”

இரண்டாவது இடத்திலும் அதேதான். மூன்றாவது இடத்தில் இருபத்திரண்டு நொடி.

முழக்கம் திரைக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். இப்படி நின்றதாக அவருக்கு ஞாபகமே இல்லை.

“சபையில யாரும் எதுவும் சொல்லலையே?”

“வேணும்னே நிறுத்தறீங்கன்னு நினைச்சு உங்க ஆளுங்க மேஜையைத் தட்டினாங்க சார். முகம் கிட்டத்துல தெரியறது இந்த ஒரு கேமராவுலதான்.”

“மந்திரி...?”

“எதிர்ல உட்கார்ந்திருக்காரே, மோப்பம் பிடிச்சுட்டார் போல. இந்தப் பதிவைக் கேட்டு அவர் ஆபீஸ்லேருந்து ரெண்டு தடவை போன். தர முடியாதுன்னுட்டேன். நீங்க சீக்கிரம் ஒரு டாக்டரைப் பாருங்க சார்.”

முழக்கம் நோட்டீஸை நாலாக மடித்து, எட்டாக மடித்துப் பையில் திணித்தார்.

அதிகாரி தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார். “சார், அந்தத் திருத்தம்...?”

“அது கிடக்கட்டும்யா” என்ற முழக்கம் அவள் பக்கம் திரும்பினார். அவ்வளவு தணிந்த குரலை அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை.

“நாளைக்குக் கடைசியா நான்தான் பேசறேன். பொத்தான்ல நீங்கதானேம்மா இருப்பீங்க?”