பார்வையாள்

படுக்கையை விட்டு எழ முடியாத பணக்காரர்களுக்காக ஊர் சுற்றிப் பார்ப்பதுதான் தனசேகரின் வேலை. அவன் காணும் காட்சியும், கண்டதில் வரும் மகிழ்ச்சியும் அவன் கண்ணில் பொருத்திய கருவி வழியே அவர்களுக்கே போய்ச் சேர்ந்துவிடும். கால்வலி மட்டும் இவனுக்கு.

இன்று லீவு. மனைவி செல்வராணியோடு தஞ்சாவூர் வந்திருந்தான். பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் மாலை வெயில் நின்றது. அவன் கழுத்தை அசைக்காமல், இமைக்காமல் பார்த்தான்.

"கண்ணைச் சிமிட்டுங்க. இன்னிக்கு நமக்காகத்தானே வந்திருக்கோம்."

சிமிட்டினான்.

"எப்படி இருக்கு?"

"தெளிவா இருக்கு. அடுத்து எந்தப் பக்கம் திரும்பணும், மேடம்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் பக்கம்."

திரும்பினான். அவள் அழுது முடிக்கும்வரை ஆடாமல், இமைக்காமல், யாருக்கோ காட்டிக்கொண்டு நின்றான்.