முதலிடத்தில் பரமசிவம்

மேடையில் "பரமசிவம்!" என்று கூப்பிட்டதும், பத்தாவது வரிசையில் இருந்த பரமசிவம் பாதி எழுந்தேவிட்டார்.

கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் மேலதிகாரிகள் கூப்பிடக் கூப்பிட எழுந்து பழகிய முழங்கால். ரிட்டயர் ஆனால் மட்டும் அது யார் பேச்சைக் கேட்கும்?

பின்னாலிருந்தவர் மறைக்கிறது என்று தோளைத் தட்டி உட்கார வைத்தார். அதற்குள் ஜீன்ஸும் மஞ்சள் குர்தாவுமாக அவர் மகள் மேடைக்கு வந்துவிட்டாள். அரங்கம் அல்லோலகல்லோலப்பட்டது.

ஆசை ஆசையாக அவர் வைத்த பூங்கோதை என்ற பெயர் பெங்காலிகள் வாயில் நுழையவில்லை. தன் பாட்டு கேசட் அட்டையில் அவள் அப்பா பெயரை மட்டும் போட்டுக்கொண்டாள். சாட்டர்ஜி, முகர்ஜி மாதிரி இதுவும் ஏதோ குடும்பப் பெயர் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

போட்டுக்கொண்டவள் சும்மா இருந்தாளா? முதல் துர்கா பூஜைக்கே பந்தல் பந்தலாக ஒலிபெருக்கியில் பரமசிவம் அலறினார். அடுத்த வருஷம் எஃப்.எம். ரேடியோவில் பரமசிவம் நம்பர் ஒன், இறங்கவே மாட்டேன் என்று. அப்புறம் கேசட் விற்ற விற்பனைக்குத் தங்க டிஸ்க். இன்றைக்கு இந்த அலிப்பூர் அரங்கத்தில் பிளாட்டினம் டிஸ்க்.

பால் வாங்கப் போனால்கூட, அண்ணா, உங்கள் பெயர்தான் இந்த வாரமும் முதலிடம் என்று காலனியில் சிரித்தார்கள்.

அவருக்குத்தான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பாட்டும் வேண்டாம் கூத்தும் வேண்டாம் என்று கத்தியவர் அவர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள். ஆறு வருஷமாக ஒரு போன் கிடையாது. அப்படிப்பட்டவள் எதற்காக இந்தப் பெயரைத் தூக்கிச் சுமக்க வேண்டும்? பாசமா, வஞ்சமா?

அதைத் தெரிந்துகொள்ளத்தான், டாக்டரிடம் போவதாக வீட்டில் புளுகிவிட்டு, டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருந்தார். பாசம்தான் என்று தெரிந்தால் போதும். விழா முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் அவள் எதிரே நின்றுவிடுவார். மானமாவது, ரோஷமாவது!

டிஸ்க்கைக் கையில் கொடுத்த தொகுப்பாளர் பெங்காலியில் அதையேதான் கேட்டார். கம்பெனி நல்ல இனிப்பான பெயராக வைக்கிறேன் என்றதாமே, ஏன் மறுத்தீர்கள்?

அது என் அப்பா பெயர், அதை மாற்றுவதாக இருந்தால் நான் பாடவே இல்லை என்று சொல்லிவிட்டேன் என்றாள்.

பரமசிவம் சீட்டின் நுனிக்கு வந்தார். அடி என் ராசாத்தி! அந்த அப்பா நான்தான் என்று சொல்லிவிட, பக்கத்து சீட்டு அம்மாள் பக்கம் திரும்பினார்.

அப்போது பின்திரையில் ஒரு படம் விழுந்தது.

அவருடைய படம். நெற்றி நிறைய விபூதி, கறுகறுவென்று மீசை. படத்தைச் சுற்றிச் சந்தன மாலை.

மறைந்த அந்தத் தந்தைக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம் என்றார் தொகுப்பாளர்.

அரங்கமே எழுந்தது. பரமசிவமும் எழுந்தார். பாவம், வேறென்ன செய்வார்? எல்லோரும் நிற்கும்போது உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்?

செத்தவனும் நான், துக்கத்துக்கு வந்தவனும் நானா? இவளே சொன்னாளா, இவர்களாக நினைத்துக்கொண்டார்களா? ஒன்றும் பிடிபடாமல் நிமிர்ந்து பார்த்தார்.

எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. மேடையில் அவள் தலை மட்டும் குனியவில்லை. நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

நிமிடம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். பரமசிவம் மட்டும் மரமாக நின்றார்.

மைக்கில் தமிழ் கேட்டது.

"உக்காருங்கப்பா."

குரல் உடைந்திருந்தது. யாரிடம் பேசுகிறீர்கள் என்று தொகுப்பாளர் கேட்டார்.

அவள் இவரைப் பார்த்தாள். நிறைந்து கிடந்த அரங்கத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, திரையில் இருந்த படத்தைக் கை காட்டினாள்.

தொகுப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

பரமசிவம் உட்கார்ந்துவிட்டார். மகள் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.