தமயந்தி@7

புது லேப்டாப்பிலிருந்து கதிரேசன் அனுப்பிய நிரலை கம்பெனியின் காவல் சர்வரான ப்ராக்ஸி வாசலிலேயே மறித்தது. பக்கத்து சீட் தமயந்தியைக் கூப்பிட்டவன், உடனே வருந்தினான்.

“பாஸ்வேர்டுல @ இருக்கா? ப்ராக்ஸி குழம்பிடும்பா. அதுக்குப் பதிலா %40னு எழுதணும். தள்ளு.”

“வேணாம், நானே…”

அதற்குள் அவள், அவனுடைய ப்ராக்ஸி பாஸ்வேர்டு எழுதியிருந்த கிட் (Git) கோப்பைத் திறந்துவிட்டாள். அங்கே கடவுச்சொல்லைப் புள்ளி வைத்து மறைக்கும் நாகரிகமெல்லாம் கிடையாது. பளிச்சென்று இருந்தது: தமயந்தி@7.

கதிரேசன் ராஜினாமா கடிதத்தின் முதல் வரியை யோசித்தான்.

“ஏழு எதுக்கு?”

“தொண்ணூறு நாளைக்கு ஒருதடவ மாத்தச் சொல்றாங்கல்ல. நம்பரை மட்டும் ஏத்துவேன்.”

அவள் விரல்விட்டு எண்ணினாள். ஒன்றரை வருஷத்தைத் தாண்டியது. பிறகு @ஐ அழித்து %40 என்று நிதானமாக அடித்தாள். நிரல் போய்விட்டது.

“எட்டு போடறதுக்குள்ள வாயத் திறந்து சொல்லிடுவியா?” என்றாள், திரையைப் பார்த்தபடியே.