கரைந்துபோன அடைப்பு

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ரோஸ்லினுக்கு வலிப்பு நோய் உண்டு. அதற்கான மருந்து, அவள் கடைவாய்ப்பல்லை அடைத்திருந்த பொருளிலிருந்து தினமும் துளித்துளியாகக் கசியும். ஐந்து வருடம் தாங்கும் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

இரண்டாம் வருடம் ஒரு மத்தியானம், கன்டெய்னர் அந்தரத்தில் தொங்கியபோது, அவள் நாக்கு பல்லில் வெறும் குழியைத் தடவியது. எச்சிலில் ஊறி ஊறி அடைப்பு முழுக்கக் கரைந்திருந்தது. எத்தனை நாளாக மருந்து இல்லையென்று தெரியவில்லை. கீழே பதினோரு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

வயர்லெஸ்ஸில் மேற்பார்வையாளரை அழைத்தாள்.

"ஸ்டீபன் அண்ணே, பல்லுல மருந்து தீந்துபோச்சு. எல்லாரையும் வெலகச் சொல்லுங்க."

"இதச் சொன்னா இனி ஒன்ன கிரேன்ல ஏத்தமாட்டாவ பிள்ள."

"தெரியும்ணே. மொதல்ல ஆளுகள வெலக்குங்க."

கன்டெய்னர் மெல்லத் தரையைத் தொட்டது. அவள் கைப்பிடியை விட்டாள். இடது கை தானாக வெட்டி இழுத்தது.