முப்பத்தாறு படங்கள்

"மூணு நிமிஷம் பதினஞ்சு செகண்ட். அதுவரைக்கும் யாரும் பேசாதீங்க" என்றான் சதீசன்.

சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டின் குட்டிச் சமையலறையில் மூன்று பேர் அவனைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நிலானிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. போன வாரம் அவளுக்கும் சதீசனுக்கும் நடந்த நிச்சயதார்த்தத்தின் படங்கள் முப்பத்தாறும் அவன் கையிலிருந்த கறுப்பு டப்பாவுக்குள் இருந்தன.

வேறு படமே கிடையாது. அன்றைக்கு அவள் அப்பா விஸ்வலிங்கம் எல்லாருடைய போனையும் வாங்கி ரொட்டி டின்னில் போட்டு மூடிவிட்டார்.

"போன்ல எடுத்தா அப்புறம் யாரு லா பாக்கிறீங்க? நான் ஃபிலிம்ல எடுக்கிறேன்."

பழைய கேமராவில் தானே ஃபிலிம் போட்டார், தானே எடுத்தார், வேறு யாரையும் தொட விடவில்லை. கடையில் கழுவக் கொடுக்கலாம் என்றபோதுதான், "நான் வீட்டிலேயே கழுவுவேன் மாமா" என்று வருங்கால மாப்பிள்ளை முந்திக்கொண்டான்.

பேசாதீங்க என்றவன், டப்பாவைக் கவிழ்த்து நிமிர்த்தியபடி நிலானியிடம் மட்டும் கிசுகிசுத்தான்.

"ஃபிலிம் ஓரத்துல நம்பர் இருக்கும், ஃபேக்டரியிலயே போட்டது. படம் இல்லாட்டியும் அது தெரியும். அதுவும் தெரியலன்னா நான் கழுவுற மருந்துல சொதப்பிட்டேன்னு அர்த்தம்."

முதல் மருந்து போய் இரண்டாவது வந்தது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக அலசினான். அம்மா கனகேஸ்வரி மூக்குக்கண்ணாடியை மூன்றாவது முறையாகத் துடைத்தார்.

"தொறங்க தம்பி, தொறங்க" என்று அப்பா குழந்தையாகவே மாறிவிட்டார்.

சதீசன் ஜன்னல் பக்கம் திரும்பி ஃபிலிமை உருவி வெளிச்சத்தில் பிடித்தான். உடனே அதைக் கைக்குள் சுருட்டிக்கொண்டான்.

"மாமா, மன்னிச்சிருங்க. ரெண்டாவது மருந்தை முதல்ல ஊத்திட்டேன். ஒரு படமும் விழல."

சுருளைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"ரெண்டே ரெண்டு போத்தல் லா தம்பி! அதைப் பாத்து ஊத்தத் தெரியல, பத்து காவான்ல இருக்கிற அந்த ஃபேக்டரியில என்னத்த வேலை பாக்கிறீங்க?" என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார் விஸ்வலிங்கம்.

நிலானிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இவ்வளவு பொறுப்பில்லாதவனையா கட்டிக்கொள்ளப் போகிறோம் என்றுகூட நினைத்துவிட்டாள்.

"சரி விடுங்க. அடுத்த ஞாயிறு எல்லாரும் அதே உடுப்பைப் போட்டுக்கிட்டு வாங்க. நானே ஃபிலிம் போட்டு, நானே எடுக்கிறேன். ஆனா கழுவுறது கடையில" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அப்பா ஹாலுக்குப் போனார். அம்மாவும் பின்னாலேயே போனார்.

நிலானி குப்பைத் தொட்டியிலிருந்து சுருளை எடுத்தாள். அவன் முகத்திலேயே விட்டெறிய வேண்டும் என்று ஓங்கியவள், ஜன்னல் வெளிச்சத்தில் அது பிரிந்து தொங்கியதும் அப்படியே நின்றாள்.

படம் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று முப்பத்தாறு வரை எண்கள் பளிச்சென்று இருந்தன.

மருந்தில் பிழையில்லை. அப்பா போட்ட ஃபிலிம் கேமராவுக்குள் அதைச் சுற்றும் பல்லில் மாட்டவே இல்லை. அவர் முப்பத்தாறு தடவை அமுக்கியும் அது இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

நிமிர்ந்து சதீசனைப் பார்த்தாள். அவன் ஹால் பக்கம் கண்ணைக் காட்டி, வேண்டாம் என்று தலையசைத்தான்.

அவள் சுருளை மறுபடி குப்பைத் தொட்டியில் போட்டு, மேலே பழைய பேப்பரையும் திணித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.

"அப்பா, அடுத்த ஞாயிறு கேமராவை அவர்கிட்டயே கொடுத்துருங்க. நீங்க நடுவுல வந்து நில்லுங்க. போன தடவ ஒரு படத்துலகூட நீங்க இல்லையே?"